எண்பத்து மூன்று இலட்சம் புள்ளிகளின் பெருமை

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் பெருவீதி மருதமுனையைத் தாண்டிக் கல்முனைக்குள் நுழைந்து, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே இறங்குகிறது. அந்த வீதியோரக் காட்சியறைகளில் சுவர் முழுக்கத் தொங்கும் டீவிகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குறை சொல்லக் கிளம்பினால் யாரும் காது கொடுப்பதில்லை, புகழ்ந்தால் கேட்பார்கள். புகழ்வதற்கு இங்கே உண்மையாகவே நிறைய இருக்கிறது.

முதலாவது, அதன் வாக்குச் சுத்தம். நல்ல கொம்பனி 4கே என்று எழுதி விற்கிற பெட்டியில் குறுக்கே 3,840 புள்ளிகள், நெடுக்கே 2,160 புள்ளிகள். பெருக்கினால் 8,294,400. ஏறக்குறைய எண்பத்து மூன்று இலட்சம். வாங்குகிற எவரும் வீட்டில் இருந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அத்தனையும் இருக்கின்றன, அத்தனையும் எரிகின்றன. சொன்ன எண்ணை அப்படியே தருகிற பொருளைப் புகழாமல் இருக்க முடியாது.

அந்த எண்பத்து மூன்று இலட்சத்துக்கும் வேலை கொடுக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொடுப்பதைப் பார்ப்போம். கூரைக்கு மேலே இரும்புக் குழாயின் நுனியில் நிற்கிற அலுமினிய அன்டெனாவுக்கு வந்து சேர்வது அனலொக் ஒளிபரப்பு. அதில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். கண்ணுக்குத் தெரிவது 576. டிஜிட்டல் கணக்குக்கு மாற்றினால் 720க்கு 576, அதாவது 414,720 புள்ளிகள். 8,294,400ஐ இதனால் வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் இருபது வரும். இருபது புள்ளிகளில் ஒன்று வானத்தில் இருந்து வருகிறது. மற்றப் பத்தொன்பதையும் பெட்டிக்குள் இருக்கிற சில்லு தானே ஊகித்து நிரப்புகிறது.

அந்தச் சில்லின் உழைப்பையும் புகழ வேண்டும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, கோடுகளைப் பொருத்தி, ஓரங்களைக் கூராக்கி, இல்லாத இடத்தில் இருப்பது மாதிரிக் காட்டுகிறது. ஓய்வே கிடையாது. அதனால்தான் இரவுச் செய்தி வாசிப்பவரின் முகத்தில் ஒரு சுருக்கமும் தெரிவதில்லை. தோலின் நுணுக்கம் எல்லாம் வழித்தெடுத்த மாதிரிப் போய்விடுகிறது. கீழே ஓடும் எழுத்துக்களின் ஓரம் துடித்துக்கொண்டே இருக்கிறது. மார்கழி மழையில் அன்டெனாவுக்கு அலை சரியாக எட்டாதபோது படத்தில் தூவுகிற வெண்துகள்களையும் அது விடுவதில்லை. அவற்றையும் அதே அக்கறையோடு கூராக்கி, 55 அங்குலத்துக்குப் பெரிதாக்கித் தருகிறது. பழைய 21 அங்குலப் பெட்டியில் மங்கிக் கலந்து போன குறைகள் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. வருவதைத் தெளிவாகக் காட்டுவதுதான் உயர்தெளிவுப் பெட்டியின் வேலை. அது தன் வேலையைச் செய்கிறது.

ஒளிபரப்பின் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு புகழ் சேர வேண்டும். சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி ஜப்பானிய அரசின் கொடையாக 1982 பெப்ரவரியில் வந்தது. அன்றைய 625 கோடுகள்தான் இன்றைக்கும். இடையில் எத்தனை ஆட்சிகள் மாறின, முப்பது வருடப் போர் முடிந்தது, கடல் ஊருக்குள் வந்து போனது, ரூபாயின் பெறுமதி எங்கேயோ விழுந்தது. கோடுகள் மட்டும் மாறவில்லை. கொடை கொடுத்த ஜப்பானோ 2011 ஜூலையில் தன் நாட்டில் அனலொக்கை நிறுத்திவிட்டது. அந்த வருடம் ஆழிப்பேரலை அடித்த மூன்று மாகாணங்களுக்கு மட்டும் சில மாதம் தவணை கொடுத்து, 2012 மார்ச் முடிவில் அங்கும் நிறுத்தியது. பேரழிவு கண்ட கடற்கரை ஊர்களுக்கு ஒரு வருடம்கூடத் தேவைப்படவில்லை. ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்கிற அதே டிஜிட்டல் ஒளிபரப்பு முறையை இலங்கை 2014இல் தனக்கென்று தெரிந்தெடுத்தது. பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த வருடம் டிஜிட்டலை நம்பி வாங்கிய பெட்டிகளில் பல, பனலில் கோடு விழுந்து, காயலான் கடைக்குப் போய்விட்டன.

இந்தத் தாமதம் எல்லோரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. மாதக் கட்டணம் கட்டுகிற வீட்டுக்கு டயலொக் டீவி இருக்கிறது, பியோ டீவி இருக்கிறது. கட்ட முடியாத வீட்டுக்கு அன்டெனா மட்டும்தான். தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அனலொக்கில் ஓர் அலைவரிசைக்குள் ஒரு நிகழ்ச்சி மட்டுமே போகும். அரசின் தமிழ்ச் சேவைகளில் ஒன்றான நேத்ரா, இன்னோர் அரச சேவையான சனல் ஐயோடு ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துக்கொண்டு வளர்ந்த சேவை. டிஜிட்டலில் அதே இடத்துக்குள் பல நிகழ்ச்சிகள் போகலாம்; யாரும் யாருக்கும் வழிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. எண்பத்து மூன்று இலட்சம் புள்ளிகளை வாங்கிச் சுவரில் வைத்துவிட்டு, நேத்ராவுக்கு முழு நாளும் ஓர் அலைவரிசை கேட்காமல் இருந்திருக்கிறோம். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான்.

கட்டாரில் இருந்தும் சவூதியில் இருந்தும் கார்கோவில் வந்து சேரும் பெட்டிகளைத் தனியாகப் புகழ வேண்டும். வெயிலில் நின்று உழைத்த சல்லியில், பெருநாளைக்கு முந்தி வந்து சேர வேண்டும் என்று கணக்குப் பார்த்து, மெத்தையும் போர்வையும் சுற்றி அனுப்பியவை. கடல் கடந்து வந்தும் கீறல் இல்லாமல் இருக்கும். அந்த அன்புக்கு விலை இல்லை. ஆனால் வளைகுடா நாடுகளில் டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி முறையில் நடக்கிறது; அங்கே விற்கும் பெட்டியின் ரியூனர் அதற்கென்று செய்தது. இங்கே ஐஎஸ்டிபி-டி வருகிற நாளில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பெட்டி வாங்கி வைக்க வேண்டும். அதன் வொறன்டி தோஹாவிலேயே தங்கிவிடும். பனல் போனால் அதே மாதிரிப் பனல் கல்முனையிலோ கொழும்பிலோ கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். அனுப்பிய மகனிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. “வந்து சேந்திச்சா வாப்பா? படம் எப்படி?” என்று வட்ஸ்அப்பில் கேட்பான். “அந்த மாதிரி மவன்” என்று வாப்பா சொல்வார். வேறு என்ன சொல்ல முடியும்?

இணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 4கே படம் ஓட நெட்பிளிக்ஸ் கேட்பது செக்கனுக்கு 15 மெகாபிட் வேகம். ஒரு மணித்தியாலத்துக்கு 7 ஜிபி வரை உறிஞ்சும். மூன்று பிள்ளைகளின் போனும் அதே ரவுட்டரில் தொங்குகிற வீட்டில், பக்கேஜில் பாதி நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் செல்லுபடியாகும் டேட்டாவாக இருக்கும்போது, அந்த வேகம் பாதி நேரம் கிடைக்காது. பெட்டி அதைப் புரிந்துகொண்டு தரத்தைத் தானே இறக்கிவிடும். படம் நிற்காது. மங்கலாக ஓடும்.

காட்சியறைக்குள் அதே பெட்டி எவ்வளவு அழகு! அங்கே அது ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்கிற நிலையில் இருக்கிறது. வெளிச்சம் முழு அளவில், நிறம் கொழுத்து, நீலம் தூக்கலாக. மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள். அந்த வெளிச்சத்தில் படம் எடுபட வேண்டுமென்றால் அப்படித்தான் வைக்க வேண்டும். ஓடுவது கொம்பனி தந்த படம். பவளப் பாறைக்குள் மீன், பஞ்சவர்ணக் கிளி, தோல் பிரிகிற பழம், இரவில் மின்னுகிற ஒரு பெருநகரம். எல்லாம் மெதுவாக அசைபவை. எல்லாம் 4கேயில் எடுத்தவை. பெட்டிக்கு எது வாய்க்குமோ அதையே தேடித் தெரிந்தெடுத்தவை.

அதியமானின் தூதாகப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலோடு வைத்திருந்த வேல்களை அவர் மெச்சினார். எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று அடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வேல்கள் பளபளத்தது உண்மை. போருக்குப் போகாததால் பளபளத்தன என்பதும் உண்மை. காட்சியறை டீவியை நானும் அப்படியே மெச்சுகிறேன். அது இன்னும் களம் காணவில்லை. அதற்கு உப்புக்காற்றுத் தெரியாது. இரவுச் செய்தி தெரியாது. பதினைந்து வருடத்துக்கு முந்தி எடுத்த தாத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கலியாண வீடியோ தெரியாது. முக்கியமாக, இருட்டுத் தெரியாது.

இருட்டுத்தான் ஒரு பனலின் தரத்தைச் சொல்லும். கடையில் விற்கும் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பனலுக்குப் பின்னால் எல்லா நேரமும் விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியை விடுகிறது அல்லது மறிக்கிறது. முழுக்க மறிக்க அதனால் முடியாது. எவ்வளவு மறிக்கிறது என்பதில்தான் பனலுக்குப் பனல் வித்தியாசம். விஏ என்கிற வகைப் பனலில் வெண்மைக்கும் கருமைக்கும் இடையில் மூவாயிரம் மடங்குக்கு மேலும் இருக்கலாம். ஐபிஎஸ் என்கிற வகையில் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். இரவுக் காட்சியில் கதாநாயகன் கறுப்புச் சட்டையோடு நடந்தால், முதல் வகையில் சட்டை தெரியும். இரண்டாவதில் ஒரு சாம்பல் மூட்டம் தெரியும். புள்ளி புள்ளியாகத் தானே எரிந்து தானே அணையும் ஓஎல்இடி இந்தத் தொல்லையே இல்லாதது. அதன் விலைக்கு இங்கே பலர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவார்கள். கடையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே இந்த மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இருட்டுக் காட்சியை எந்தக் கடையிலும் ஓட்டிக் காட்டுவதில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலும் பனல் வகை இருக்காது. எண்பத்து மூன்று இலட்சம் பெரிய எழுத்தில் இருக்கும்.

அப்படியென்றால் விஏ வாங்கினால் முடிந்ததா? இல்லை. இங்கேதான் நம் வீடு உள்ளே வருகிறது.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். வீடு பெண்ணுக்கு. வீட்டோடு கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, டீவி. பெண்ணைப் பெற்றவர் வயலில் ஒரு துண்டை விற்றோ, நகையை அடகு வைத்தோ, மாதத் தவணையில் கையெழுத்துப் போட்டோ இதை நிரப்புகிறார். காட்சியறையில் அவரிடம் 43 அங்குலத்தைக் காட்டிப் பாருங்கள். “மாப்புள ஊட்டாக்கள் வந்து பாப்பாங்க. சின்னத்தக் கொழுவினா என்ன சொல்லுவாங்க?” என்பார். 55க்குப் போவார். தவணைத் துண்டில் மாதத் தொகை பெரிதாக எழுதியிருக்கும். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்து, ரொக்க விலையோடு ஒப்பிட்டு, இடையில் இருக்கிற வித்தியாசம் என்ன வகையைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டியவர், வட்டிக்கு அஞ்சுகிற மனிதர், அன்றைக்குக் கேட்காமல் வந்துவிடுவார். அந்த 55 அங்குலம் ஒரு தகப்பனின் தியாகம். அதைப் பார்த்து “நல்ல சாமான்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

இனி அதைக் கொழுவுகிற இடம். சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் வளவுகள் சிறியவை. சுவரோடு சுவர் முட்டி நிற்கும் வீடுகள். ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு அரசு வைத்த அளவு 500 சதுர அடி. அந்த வீடுகளின் ஹோலில் எதிர்ச்சுவரில் சாய்ந்து இருந்தால் டீவிக்கும் கண்ணுக்கும் எட்டு ஒன்பது அடி இருக்கும். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரைக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். அதைவிடச் சிறிதாகத் தெரிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தக் கணக்கில், 43 அங்குலப் பெட்டியில் ஃபுல் எச்டி புள்ளிகளே ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. 55 அங்குலத்தில் அந்தத் தூரம் ஏழு அடி. எட்டு அடியில் இருக்கிறவருக்கு 4கேயும் ஃபுல் எச்டியும் ஒன்றுதான். நான்கு மடங்கு புள்ளிகளைச் சல்லி கொடுத்து வாங்குகிறோம். பெட்டி நான்கு மடங்கையும் ஒளிர விடுகிறது. கண்ணுக்கு அது எட்டுவதில்லை. பெட்டியிடம் பிழை இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் யார் எங்கே இருக்கிறார் என்பது. பிள்ளைகள் கை வைப்பார்கள் என்று டீவியை ஆள் உயரத்துக்கு மேலே கொழுவுகிறோம். நேரெதிரே கதிரை, அது வாப்பாவுக்கும் வருகிற விருந்தாளிக்கும். பிள்ளைகள் பாயில், அண்ணாந்து. வாப்பும்மா பக்கச்சுவர் ஓரமாகக் கட்டிலில். உம்மா குசினி வாசலில், ஒரு கண் அடுப்பில், ஒரு கண் படத்தில், பக்கத்தில் இருந்து. விஏ பனலை நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும். இருபது முப்பது பாகை விலகினால் நிறம் வெளிறத் தொடங்கும். உம்மா நிற்கிற கோணத்தில் முகங்கள் சோகை பிடித்துவிடும். ஐபிஎஸ் பனலில் கறுப்புக் கொஞ்சம் மட்டம், ஆனால் வாசலில் நிற்கிறவருக்கும் கட்டிலில் கிடக்கிறவருக்கும் ஏறக்குறைய அதே படம்தான். நம் வீடுகளுக்கு, பலர் பல பக்கம் சிதறி இருந்து பார்க்கிற வீடுகளுக்கு, அதுதான் பொருத்தம் என்று நான் அடித்துச் சொல்வேன். கடையிலே நாம் பெட்டிக்கு முன்னால் நேராக நின்று பார்க்கிறோம். வாப்பாவின் இடத்தில் நின்று வாங்குகிறோம். வீட்டில் அதிக நேரம் இருக்கிறவளின் கோணத்தில் நின்று யாரும் பார்ப்பதில்லை. அவளைக் கடைக்குக் கூட்டிப் போகிற ஆட்களும் குறைவு. மிகச் சிறந்த படத்தை விருந்தாளிக்கும், வெளிறிய படத்தை வீட்டுக்காரிக்கும் கொடுக்கிற பெட்டியை நாம் விரும்பித் தெரிகிறோம்.

1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அர்ஜுன ரணதுங்கவின் கிரிக்கெட் அணி அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டால் வென்றபோது நாடு பார்த்தது குழாய்ப் பெட்டிகளில். முதுகு தள்ளிய, தூக்க இரண்டு பேர் வேண்டிய பெட்டிகள். அயலார் எல்லாம் வந்து வாசல் வரை நெருங்கி நின்றாலும், எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அதே நிறம். ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே. புள்ளிகள் குறைவு, அதை யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை.

வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் பற்றி ஒரு வார்த்தை போதும். அந்த முத்திரை இருந்தால் பெட்டிக்கு அந்தச் சமிக்ஞை புரியும் என்று அர்த்தம். அந்தப் படங்களில் பல 1,000 நிட் ஒளிக்குத் தயாரிக்கப்படுகின்றன. மலிவான பெட்டிகள் 250, 300இல் நின்றுவிடும். புரிந்துகொள்ளும், காட்டாது. அசைவுக்கு 200 என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் கொம்பனியின் சொந்தக் கணக்கு. அந்த மலிவான பெட்டிகளின் பனல் பெரும்பாலும் செக்கனுக்கு அறுபது தடவைதான் புதுப்பிக்கும்.

மெலிவைப் பாராட்டாமல் விடக்கூடாது. விரல் தடிப்பு, சட்டகமே தெரியாது, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மெலிவுக்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், பத்து வாட், கீழ்நோக்கி அல்லது சுவரை நோக்கி. அதுவும் சுழலும் மின்விசிறிக்குக் கீழே. பங்குனி சித்திரை வெக்கையில் கல்முனைக் கரையில் மின்விசிறியை நிறுத்தி டீவி பார்க்க ஆள் இல்லை. பாட்டு வந்தால் வீடு அதிரும்; பேச்சு வந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். ஒலியை ஏற்றுவோம். பாங்கு கேட்டதும் அடக்குவோம். பாங்கு முடிந்ததும் மறுபடி ஏற்றுவோம். காது மந்தமான வாப்பும்மா சில மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டு வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 55இல் இருந்து 43க்கு இறங்கி, மிஞ்சுகிற சல்லிக்குப் பேச்சைத் தெளிவாகத் தருகிற ஒரு சவுண்ட்பார் வாங்கினால் அவர் மறுபடி கதைக்குள் வருவார்.

கடைசியாக, காற்றும் மின்னலும். கல்முனை ஒரு மெல்லிய கீற்று நிலம். கிழக்கே கடல், மேற்கே வயலும் தோணாவும். வீட்டு வாசலில் நின்றால் அலை கேட்கும். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்பு, டீவியின் முதுகில் உள்ள காற்றுத் துளைகள் வழியே உள்ளே போகிறது. எச்டிஎம்ஐ துளையின் செப்பைப் பச்சையாக்குகிறது. பனலின் ஓரத்தில் தலைமயிர் மாதிரி ஒட்டியிருக்கிற இணைப்புகளை அரிக்கிறது. ஒரு காலை போட்டால் நடுவில் நெடுகக் கோடு. பனலை மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலைக்குக் கிட்ட வரும். கடையில் வைத்த ‘விவிட்’ நிலையை வீட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறவர்களுக்கு இன்னொன்றும் நடக்கும். பின்விளக்கு எப்போதும் முழு அளவில் எரிந்து, சூடேறி, அதன் எல்இடிகள் ஒவ்வொன்றாகக் கருகும். திருத்துகிறவரின் மேசையில் முதலில் கழற்றப்படுவது பெரும்பாலும் அந்த எல்இடிப் பட்டிதான்.

ஐப்பசியில் தொடங்குகிற இடி வேறு. அன்டெனாக் குழாய் ஊரில் உயரமான உலோகம். அதன் வயர் நேரே டீவிக்குள் போகிறது. சுவரில் கரண்ட் வயர், பக்கத்தில் ரவுட்டர் வயர். மின்னல் உள்ளே வர மூன்று வழிகள். பல வீடுகளில் நில இணைப்பு என்பது பிளக்கின் மூன்றாவது காலோடு முடிந்துவிடும்.

வொறன்டி அட்டையை வாசித்துப் பார்த்தவர்கள் அதன் தெளிவைப் புகழ்வார்கள். மின்னல், மின்னழுத்தம் ஏறி இறங்குவது, ஈரம், துரு, பூச்சி, தூசு: இவற்றால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொதுவாக இந்த அட்டைகளில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கும். கடற்கரையில் ஒரு டீவி சாகிற வழிகள் ஏறக்குறைய எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. மிஞ்சுவது தொழிற்சாலைக் குறை ஒன்று. அதை வாசித்துவிட்டு வாங்குகிறவர் சேர்ஜ் புரொடெக்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குவார், எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நில இணைப்பைப் பார்க்கச் சொல்வார், இடி கேட்டதும் அன்டெனா வயரையும் பிளக்கையும் கழற்றச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குவார். வாசிக்காதவர் அடுத்த மாரிக்கு மறுபடி காட்சியறைக்கு வருவார். அட்டையைப் பக்கேஜோடு சுருட்டிக் கொடுக்கிற கடையில் அதை விரித்துக் காட்டி இரண்டு நிமிடம் பேசுகிற வழக்கம் எப்போது வரும்?

டீவி வாங்கப் போகிறவருக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். சுவருக்கும் இருக்கைக்கும் இடையில் அடியை அளந்துகொண்டு போங்கள். பென்டிரைவில் வீட்டுக் கலியாண வீடியோ ஒன்றையும், இரவுக் காட்சி உள்ள படத்துண்டு ஒன்றையும் போட்டுக்கொண்டு போங்கள். கடைப் பொடியனிடம் ‘விவிட்’டை எடுத்து ‘மூவி’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு பெட்டிக்குப் பக்கவாட்டில், உம்மா நிற்கிற கோணத்தில் போய் நின்று பாருங்கள். முகம் வெளிறினால் அடுத்த பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு செய்தியைக் கேளுங்கள். அதே மாதிரியின் போர்டும் பனலும் கல்முனையில் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். தவணையின் மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் அதிக நேரம் அதைப் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கலாம். சுவரில் தொங்கும் பெட்டிகளில் ஒன்றை மட்டும், ஒன்று போதும், கூரை அன்டெனாவில் இணைத்து நேத்ராவையோ இன்னொரு தமிழ்ச் சேவையான வசந்தத்தையோ நாள் முழுக்க ஓட விடுங்கள். மற்றவற்றில் கிளியும் மீனும் ஓடட்டும். வாங்க வருகிறவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். 2014இல் எடுத்த முடிவு எங்கே நிற்கிறது என்று கேட்கவும் அவருக்கு அப்போது தோன்றும்; வாக்குக் கேட்டு இந்தக் கடைத் தெருவுக்கு வருகிறவர்களிடம் அதைக் கேட்கலாம்.